மணலுக்கடியில் யாரு?

சித்திரபுரத்து மலைச்சரிவில், பவர் ஹவுஸ் ஆட்களுக்குக் கட்டின வரிசைவீடுகளில் கடைசி வீடு பூவாத்தாளுடையது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. புருஷன் நாச்சிமுத்துவுக்கு ஷிப்ட் வேலை. வந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் தூக்கம்.

ஒருநாள் அவள் மகள், நாலு வயசு மயிலு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நீ சோறு உண்டியா?" என்று கல்லைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ஷிப்ட் முடிந்து வந்த நாச்சிமுத்துவிடம் பூவாத்தாள் பேச்செடுத்தாள்.

"ஏனுங்க, எனக்குக் கொஞ்சம் ஆத்து மணலு வேணுமுங்க."

"எதுக்கு, இன்னொரு ஊடு கட்டப் போறயா?"

"சிரிக்காதீங்க. நம்ம ஊரு சித்தூர்ல ஒரு வண்டி மணலு கொட்டினா, தெருப் புள்ளைங்க அத்தனையும் அதுமேலதானே கெடக்கும்? இங்க மணலு கெடந்தா எஸ்டேட்டு லயத்துப் புள்ளைங்க வருமுங்க. மயிலு கல்லுகூடப் பேசறா."

நாச்சிமுத்து அதற்கு மேல் சிரிக்கவில்லை. லாரி ஓட்டுகிற சூசையப்பனிடம் சொல்லிவைத்தான். நேரியமங்கலத்து ஆற்றிலிருந்து மணல் ஏற்றி வருகிறவன் அவன். இறக்கினபிறகு லாரித் தட்டில் தங்குவதைக் கூட்டி, கூடை கூடையாகக் கொண்டுவந்து போட்டான்.

புறக்கடையில் சமதரை என்று இருந்தது மண்திட்டை ஒட்டி ஒடுக்கமாக ஒரு துண்டுதான். பூவாத்தாள் மணலை அங்கே நீளவாக்கில் குவித்தாள். மழை கரைத்துக்கொண்டு போகாமல் சுற்றிலும் கல் பதித்தாள். வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பு மிச்சமிருந்தது, கல்லுக்கும் அடித்தாள். ஒரு கோடியில் செண்டுமல்லி நட்டாள். மூங்கிலைப் பிளந்து தண்ணீர் ஓட வழி செய்தாள். இட்லிக்குக் கொட்டாங்கச்சி, வீடு கட்டப் பழைய டப்பா. காய்ந்த மணல் நிற்காதே, அதனால் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை மேலே தெளித்தாள்.

மயிலு உட்கார்ந்தாள். வேறு யாரும் வரவில்லை.

மேட்டுப் பாதையில் விறகு பொறுக்கப் போகும் எஸ்டேட் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். தாண்டினதும் ஓட்டம். "வாங்க கண்ணுகளா, வந்து விளையாடுங்க!" என்று பூவாத்தாள் கூப்பிட்டால் ஓட்டம் இன்னும் அதிகமாயிற்று.

"அவிங்க ஏம்மா ஓடறாங்க?" என்றாள் மயிலு.

"தெரியலியே, சாமி."

விறகு போட வரும் முத்துப்பேச்சி ஒருநாள் சுமையை இறக்கினாள். இறக்கினவள் போகாமல் நின்றாள்.

"தாயி, கேக்கேன்னு கோவிச்சுக்கிடாதீக. அதுல அடக்கம் பண்ணியிருக்கது யாரு?"

"எதுல?"

"அந்தா, பொறத்தாலதான். நெடுக மேடு, சுத்தி வெள்ளக்கல்லு, தலமாட்டுல பூச்செடி. விடிஞ்சா சொம்பும் கையுமா நிக்கியளாம். பால் தெளிக்கியன்னு புள்ளைக சொல்லுதுக. மூத்தது ஒண்ணு தவறிப்போச்சோன்னு லயத்துல பேச்சு."

பூவாத்தாள் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வழக்கத்தில் எரிப்பதுதான். பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போவதும் கிடையாது. புதைமேட்டை அவள் கண்ணால் கண்டதே இல்லை. இப்போது கண்டாள். அதன்மேல் மயிலு குப்புறப் படுத்துக் கொட்டாங்கச்சியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்ற புள்ள!" ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். "அது விளையாடப் போட்டதுங்க! ஒண்ணுமே இல்லீங்க அதுல!"

"எனக்குச் சொல்லி என்ன செய்ய? நீங்க கூப்பிட்டா என் மக ராமுத்தாயிக்குக் காய்ச்சல் வந்துருது."

மறுநாள் பிள்ளைகள் பாதையில் வந்த நேரம் பூவாத்தாள் மண்வெட்டியோடு நின்றாள். வெள்ளைக்கல்லைப் பிடுங்கி எறிந்தாள். நடுவில் வெட்டினாள்.

"ஏ, தோண்டுதாக, தோண்டுதாக!"

"போகாதல, பிடிச்சுக்கிடும்!"

அவள் நிமிரவில்லை. மணல் போய்ச் செம்மண் தெரிகிறவரை வெட்டினாள். ராமுத்தாய்தான் முதலில் இறங்கி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லையா?" ஏமாந்த குரல்.

"ஒண்ணுமில்ல, கண்ணு."

"அப்ப இதுல அணை கட்டுவமா?"

கேட்டது மயிலுவை. மயிலு அம்மாவைப் பார்த்தாள். பிறகு ராமுத்தாயைப் பார்த்தாள். "கட்டுவம்," என்றாள்.

மற்றவர்களும் வழுக்கிக்கொண்டே இறங்கினார்கள். பூவாத்தாள் மூங்கில் குழாயை நீட்டினாள். ராமுத்தாய் வாங்கி வேறு இடத்தில் சொருகினாள். பூவாத்தாள் தண்ணீர் கொண்டுவந்தாள், "நாங்களே எடுத்துக்கிடுதோம்" என்றார்கள். அவள் விலகி அடுக்களைப் படிக்கு வந்தாள்.

சாயங்காலம் மூங்கில் போதவில்லையாம். லயத்தில் கிடக்கிறதாம். கூட்டம் மயிலுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. மயிலு திரும்பிப் பார்க்கவில்லை.

விறகோடு வந்த முத்துப்பேச்சி, "ஒங்க புள்ள எங்க வீட்டுலதான் நிக்கா, பயப்படாதீக," என்றாள்.

"சரிங்க." பூவாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "காப்பி வெக்கிறேன். சித்த உக்காந்துட்டுப் போங்களே."

"பொழுது அடையுது தாயி, ஒலை வைக்கணும். இன்னொரு நாளைக்கி."

"நாளைக்கு வருவீங்களா?"

"விறகு வேணும்னா வாரேன்."

"வேணுமுங்க," என்றாள் பூவாத்தாள். முந்தின நாள் போட்ட விறகே இன்னும் கட்டவிழ்க்காமல் கிடந்தது.