மாவு மேஜைக்கு எவ்வளவு அகலம்

அவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய வாடிக்கையாளர்கள்தான். வைத்ததில் தப்பே இல்லை. தச்சுப் பட்டறை வாசலில் ஒருவர் வந்து நின்று "அலமாரி ஒண்ணு" என்று தொடங்கினால் போதும், "ரெண்டு கதவு, நடுவுல கண்ணாடி, அடியில ஒரு இழுப்பறை, புரிஞ்சுபோச்சு" என்று முடித்துவைப்பாள். வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டிவிட்டுப் போவார். பத்துக்கு எட்டு முறை அவள் சொன்னது சரியாகவே இருக்கும். மீதி இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்கள் நாம் கேட்டதே இதுதான் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, வந்த அலமாரியோடு காலம் தள்ளினார்கள். பாவம், அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வாயெடுத்தால் அதையும் அவளே முடித்துவிடுவாளே.

அளவெடுப்பதும் ஆட்களிடம் பேசுவதும் அவள் பாடு. பலகை அறுப்பதும் இணைப்பதும் அவள் கணவர் பாடு. அவர் நிதானமான மனுஷர். ஒரு வார்த்தையை எடுத்து, தூசு தட்டி, வெளியே வைப்பதற்குள் இவள் நாலு வாக்கியம் தாண்டியிருப்பாள்.

"ஒரு வாரமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." என்று அவர் அன்று காலையில்கூடத் தொடங்கினார்.

"ரம்பத்துக்குப் பல்லு தீட்டணும், அதானே? ஆளுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த அழகில்தான் ரொட்டிக்கடைக்காரருடைய மேஜை திரும்பி வந்தது.

ரொட்டிக்கடைக்காரர் அவள் கணவரைவிட நிதானம். பேச்சின் நடுவே நின்றுவிடுவார். வண்டி நின்றுவிட்டதா, இல்லை இன்னும் போகுமா என்று எதிராளிக்குத் தெரியாது. முதல் தடவை வந்தபோது, "மாவு பிசைய ஒரு மேஜை வேணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எம் பொண்ணு வர்றா. ரெண்டு பேரும்..." என்றார். நின்றார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பார்க்கணும். அப்போ நீளமா, சுவத்தோரமா போடுற மாதிரி. புரிஞ்சுபோச்சு அண்ணே."

ஒன்பதடி நீளத்தில், சுவரோடு ஒட்டி நிற்கிற மாதிரி, பாலிஷ் போட்ட மாதிரி வழவழவென்று ஒரு மேஜை போனது. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல மேஜைதான்மா" என்றார். ஒரு பிடி மாவைக்கூட அதன்மேல் வைக்கவில்லை. மறுநாள் அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டு, செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பேசுவதாகச் சொல்லிவிட்டார்.

பட்டறை நடுவில் அந்த ஒன்பதடியும் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று போன வீடு மாதிரி நின்றது. கணவர் அதன் ஓரமாக உட்கார்ந்தார்.

"அடுத்த மேஜையும் திரும்பி வந்தா, நான் எங்க அண்ணன் பட்டறைக்கே போயிடுறேன். அங்க கதவு மட்டும்தான் செய்யிறாங்க."

"ஏங்க, ஒரு மேஜைக்காக யாராவது..."

"நான் இன்னும் முடிக்கல."

அவள் வாயை மூடினாள். பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மிரட்டலாக இருந்தால் அவளுக்குப் பயமே இல்லை. பதிலுக்கு ஒரு பிடி பிடித்திருப்பாள். அவரோ களைத்துப்போய்ச் சொன்னார்.

"ரொட்டிக்கடைக்காரர் வரும்போது கையில பென்சில் வேண்டாம், டேப்பும் வேண்டாம்" என்றார். ஒரு மரக்கட்டையையும் உப்புத்தாளையும் எடுத்து அவள் மடியில் வைத்தார். "அவர் பேச்சை நிறுத்தினா, பத்து இழுப்பு தேய். அதுக்கப்புறம் பேசு."

"சின்னப் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை குடுக்கிற மாதிரி குடுக்கிறீங்க."

"ஆமா."

செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடைக்காரர் வந்தார், சட்டைக் கையில் மாவோடு. முக்காலியில் உட்கார்ந்தார். மின்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த மேஜையில குறை ஒண்ணும் இல்லம்மா" என்றார். நின்றார்.

அப்படியானால் ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்ற கேள்வி அவளுடைய நாக்கு நுனிவரை வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தேய்த்தாள். முதல் பத்து இழுப்பும் தலைதெறிக்க ஓடின. பத்து முடிந்ததும் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"என் பழைய மேஜையும் அப்படித்தான் இருக்கு, சுவத்தோரமா. நானும் எம் பொண்ணும் ஆறு வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னு மாவு பிசைஞ்சோம்."

தேய்த்தாள். இந்தத் தடவை இழுப்பு கொஞ்சம் மெதுவாகப் போனது. மரத்தூள் அவள் புடவை மடிப்பில் இறங்கியது.

"ரெண்டு பேரும் சுவத்தைப் பாத்துத்தான் பேசுவோம். அவ என்ன சொன்னான்னு அந்தச் சுவத்துக்குத்தான் தெரியும். எனக்கு அடுப்புச் சத்தம்தான் கேட்டுச்சு. ஒரு நாள் கையைக் கழுவிட்டுப் போயிட்டா. போகப்போறேன்னு மூணு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தாளாம். அவ சிநேகிதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

உள்ளே ரம்பம் நின்றுவிட்டது. கணவர் வாசற்படியில் வந்து நிற்பது மின்னலுக்குத் தெரிந்தது. இப்போது யோசனை சொல்ல அவளிடம் ஆறேழு மேஜைகள் வரிசையில் நின்றன: வட்ட மேஜை, மடக்கு மேஜை, சக்கரம் வைத்த மேஜை. எல்லாவற்றையும் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்திவைத்தாள். எண்ணுவதை எந்த இடத்தில் விட்டோம் என்பதே மறந்துபோனது.

"ரெண்டு வருஷம் கழிச்சு வர்றா. வேலைக்குத்தான் வர்றேன், சண்டைக்கு இல்லன்னு எழுதியிருக்கா. மேஜை நடுவுல நிக்கணும். அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"அகலம் எவ்வளவு அண்ணே?" என்று அவள் கேட்டபோது, அது நிஜமாகவே அவளுக்குத் தெரியாத கேள்வியாக இருந்தது.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"அவ முக்கியமானதை எல்லாம் மெதுவாத்தான் சொல்லுவா. அடுப்பு இரையும்போதும் அது எனக்குக் கேக்கணும். அவ்வளவு அகலம்."

எந்த டேப்பில் இருக்கிறது இந்த அளவு, சொல்லுங்கள் பார்ப்போம். அவர் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பலகை தாங்குகிற இரண்டு மரக்குதிரைகளை இழுத்துப்போட்டு, அவற்றின்மேல் பலகைகளை நாலடிக்குப் பரப்பினார்கள். அடுப்பு இரைச்சலுக்குப் பதிலாக, தூசி இழுக்கிற விசிறியைப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று மாவு பிசைகிற மாதிரி கையை அசைத்தார்கள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள்.

"கேக்குதா?" என்றாள் மெதுவாக.

"என்னது?"

ஒரு பலகையை எடுத்தார்கள். இரண்டரை அடி. இப்போது நன்றாகக் கேட்டது. ஆனால் குனிந்தால் தலைக்குத் தலை முட்டியது. "இதுல மாவு பிசைஞ்சா சண்டை முதல் நாளே வந்துடும்" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார் அவர். நடுவில் ஒரு குறுகிய பலகையைச் செருகினார்கள். மூன்றடி.

"இப்போ நீங்க ஏதாவது சொல்லுங்க. மெதுவா."

அவர் பலகையைப் பார்த்தபடி நின்றார். விசிறி இரைந்தது. கையில் உப்புத்தாள் இல்லை. அவள் விரல்கள் பலகையின்மேல் சும்மா கிடந்தன.

"வலது தோள் தூக்க முடியல" என்றார். "நாலு மாசமா. பெரிய பலகையைத் தனியா எடுத்து ரம்பத்துல வைக்க முடியல. அதுதான் சொல்ல வந்தேன். அண்ணன் பட்டறையில கதவு தூக்க மட்டும் தனியா ரெண்டு ஆள் இருக்காங்க."

அந்த நாலு மாசத்தில் அவர் சாப்பாட்டுத் தட்டை இடது கையால் நகர்த்தினது, சட்டை மாட்ட நேரம் எடுத்தது, எல்லாம் அவள் கண்முன்னே வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் அவள் அப்போதே ஒரு காரணம் சொல்லி முடித்துவைத்திருந்தாள். இப்போதும் வைத்தியர் பெயர், எண்ணெய், கட்டு எல்லாம் தொண்டையில் நெருக்கியடித்தன.

"அப்புறம்?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம்... எனக்குப் போக இஷ்டம் இல்ல."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. பசிக்குது."

மறுநாளிலிருந்து பெரிய பலகையின் மறுமுனையை மின்னல் பிடித்தாள். வாசலில் யாராவது கூப்பிட்டால், "அறுத்துட்டு வர்றோம், உக்காருங்க" என்று குரல் கொடுத்தாள். உட்கார்ந்தவர்களில் சிலர் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அந்த நேரத்தில் தாங்களே யோசித்து வைத்திருந்தார்கள். அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேஜையை ரொட்டிக்கடை நடுவில் இறக்கினார்கள். கடைக்காரர் உள்ளங்கையால் தடவினார். மின்னல் காத்திருந்தாள். பிரமாதம் என்று சொல்லப்போகிறார் என்று அவளுக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது. அவர் நிதானமாக மேஜையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுச் சொன்னார்:

"ஒரு கால் ஆடுது."

தரைதான் சமமில்லை. கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து ஒரு மரச்சில்லைச் செருகினார். அதற்குள் மகள் பையோடு உள்ளே வந்துவிட்டாள். அப்பாவை ஒரு பார்வை, மேஜையை ஒரு பார்வை பார்த்தாள். பையை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள். அவர் மாவை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை அவள் பக்கம் தள்ளினார். அடுப்பு இரைந்துகொண்டிருந்தது.

பிசைந்துகொண்டே மகள் ஏதோ சொன்னாள், தலையைத் தூக்காமல், தாழ்ந்த குரலில். ரொட்டிக்கடைக்காரருடைய கை நின்றது. அவர் தலையசைத்தார். பிறகு அவரும் ஏதோ சொன்னார்.

வாசலில் நின்ற மின்னலுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகித்துப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. கணவரிடமிருந்து கருவிப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.