சுகுமாறன் வீட்டுக்கு வந்த படங்கள்

கோழி விலை ஏறிய வாரத்தில், செனாய் ஊரில் கல்லூரி விரிவுரையாளர் சுகுமாறனின் வீட்டு வரவேற்பறையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வந்து நின்றது. வாசற்கதவு பூட்டியபடியே இருந்தது. மஞ்சள் வண்டி, பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன, முன்னால் நீட்டிய இரும்புக் கரங்களின் நுனியில் பெட்டிகள் சரிந்தும் விழாமலும் நின்றன. சரக்குக் கிடங்குப் பாடத்துக்காகக் கல்லூரி இணையதளத்தில் அவர் ஏற்றியிருந்த படம்தான் அது என்று அவர் மனைவி லோஷினி பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

அந்தப் படத்தோடு ஏற்கெனவே ஒருத்தி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாலோ என்ற ஊரிலிருந்து வந்து கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த சந்திரமதிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பாடக்குறிப்புகளை மடிக்கணினி அவளுக்கு வாசித்துச் சொல்லும். சுகுமாறனின் குறிப்புகளைத் திறந்தால் மட்டும் அது "படம்" என்றது. அடுத்த பக்கத்துக்குப் போனால் "படம்". அதற்கடுத்த பக்கமும் அதுவே. பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து ஏற்றியிருந்தார் மனிதர். கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம் மாத்திடுறேன்லா" என்றார். தோழிகள் யாரையாவது வாசிக்கச் சொல்லலாமே என்றும் ஒருமுறை சொன்னார். தோழிகளுக்கும் பரீட்சை இருந்தது. சந்திரமதி அந்த ஒரு பாடத்தில் தோற்றாள். மறுபடி தோற்றால் கல்லூரியை விட்டுப் போக வேண்டும். அவளுக்கு அழுகை வரவில்லை. கொட்டாவியைப் போல எரிச்சல்தான் அடக்க அடக்க வந்துகொண்டிருந்தது.

ஃபோர்க்லிஃப்டைத் தொடர்ந்து போட்டோ பக்கங்களும் வந்து சன்னல்களில் ஒட்டிக்கொண்டன. கிழித்தால் காபி ஆறுவதற்குள் மறுபடி ஒட்டின. பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சமைத்துச் சலித்த லோஷினி, "அந்தப் பொண்ணு கேட்டத ஒரு தடவ செஞ்சுதான் பாருங்களேன்" என்றாள். சுகுமாறன் ஒரு பக்கத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்றினார். ஒரு சன்னல் கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. விடுப்பு எடுத்து மிச்சத்தையும் அடித்து முடித்தார், வீடு வெளுத்தது.

ஃபோர்க்லிஃப்ட் மட்டும் போகவில்லை. மடிக்கணினி வாசித்துச் சொல்லும்படி படத்துக்கு விவரமாக "ஃபோர்க்லிஃப்ட்" என்று எழுதினார். "மஞ்சள் ஃபோர்க்லிஃப்ட்" என்று மாற்றினார். அது ஒருமுறை ஹார்ன் அடித்தது, அவ்வளவுதான். கடைசியில் சந்திரமதியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து, வண்டியை முன்னாலிருந்து பின்னால்வரை கையால் தடவிக்கொண்டே போனாள். பின்சக்கரத்தில் கை நின்றது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தாள்.

"சார், இது தரையில இல்ல."

"ஆமா. பாரம் ரொம்ப முன்னால தள்ளிப் போயிடுச்சு, அதான் பின்பக்கம் தூக்குது. அதுதானே பாடமே."

சந்திரமதி விரல்களை எடுத்துச் சக்கரத்தின் மேல் கையை ஊன்றினாள். அவள் தோற்ற பரீட்சையில் கேட்டிருந்த கேள்வி அது.

"இத ஒரு வரியில எழுத உங்களுக்கு ரெண்டு செமஸ்டரா சார்?"

சுகுமாறன் உட்கார்ந்து எழுதினார்: பாரம் இரும்புக் கரங்களின் நுனிக்குச் சரிந்ததால் பின்சக்கரங்கள் எழும்பிக் கவிழப்போகும் ஃபோர்க்லிஃப்ட். பதிவேற்றியதும் அறையில் வண்டி இல்லை. அவள் கை வெறும் காற்றில் நின்றது. லோஷினி துடைப்பத்தை எடுத்து அந்த இடத்தைப் பெருக்கினாள்.

சந்திரமதி மறுபரீட்சையில் தேறினாள். மதிப்பெண் சுமார்தான், அதற்கும் எரிச்சல்பட்டாள். பிறகு மற்ற விரிவுரையாளர்களின் வீடுகளுக்கும் அவரவர் படங்கள் வரத் தொடங்கின. அலங்காரத்துக்குப் போட்ட பூக்கள், 'வெறும் அலங்காரம்' என்று குறித்ததும் ஒழுங்காகப் போய்விட்டன. மறு ஆண்டு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த கவின் துறைமுகப் பாரந்தூக்கியின் படத்தை அவசரத்தில் விவரம் எழுதாமல் அப்படியே ஏற்றிவிட்டார். காலையில் அது அவர் குடியிருந்த தாமானின் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னுக்கு எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, கவின் வீட்டு மணியை அடித்தார்.

"தம்பி, விவரம் எழுதிட்டு வேலைக்குப் போங்க. ஸ்கூல் பஸ் திரும்பணும்."