தவிலும் தூளியும்

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருப்பது மாடி போர்ஷன். கீழே வீட்டுக்கார வெண்ணிலா அக்கா. எங்கள் தரைதான் அவர்களுக்கு மேல்தளம். அதில் உள்ள கொக்கியில்தான் அவருடைய கைக்குழந்தையின் தூளி தொங்குகிறது.

ஒருநாள் படியேறி வந்துவிட்டார்.

"பவானி, புள்ள கண்ண மூடினா போதும், நீ தவுல் கச்சேரிய போட்டுக்கினு கீற. கொக்கி கிடுகிடுன்னு ஆடி புள்ள முழிச்சிக்குது. ஒரே பேஜாரு. அந்த ஸ்பீக்கர கிளியனூருக்கு உன் தம்பி வூட்டுக்கு அனுப்பிடு. இல்லன்னா வேற வூடு பாத்துக்கோ."

ஆசை ஆசையாக வாங்கிய ஸ்பீக்கர்கள். தவில் அடி நெஞ்சுக்குள் இறங்கினால்தான் எனக்கு வேலை முடிந்து வீடு வந்த மாதிரி இருக்கும். தம்பியிடம் போனால் அதன்மேல் டீ டம்ளர் வைப்பான். விடுவேனா?

"அக்கா, புள்ளைய எழுப்புறது சத்தம் இல்ல, தரை ஆடுற ஆட்டம். அத நான் நிறுத்திக் காட்டுறேன். ஞாயித்துக்கிழமை புள்ளைய தூளியில போட்டு நீங்களே பாருங்க. அப்பவும் முழிச்சிக்கினா ஸ்பீக்கர நானே வண்டி ஏத்திடுறேன்."

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கிற ரப்பர் கால்களை வரவழைத்தேன். ஸ்பீக்கரின் அதிர்வைத் தாங்களே வாங்கிக்கொண்டு கீழே விடாமல் தடுப்பவை. என் கணவர் அருள் ஒன்றை அமுக்கிப் பார்த்து, "இந்த ரப்பருக்கா இவ்ளோ சவடாலு?" என்றார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, தகரப் பெட்டிகளின் மேல் இருந்த ஸ்பீக்கர்களுக்கு அவற்றைப் பொருத்தினேன்.

ஞாயிறு மத்தியானம் தவில் ஆரம்பித்ததுமே கீழே குழந்தை வீறிட்டது.

எனக்கு வந்த கோபம் ரப்பர் மேல் இல்லை. தகரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே காலி, மேலே மெல்லிய தகடு. கை கூசுகிற அளவுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. புயல் மழையில் பழைய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததிலிருந்து பிளக் உள்ள எதையும் தரையில் வைக்க அருள் விடமாட்டார். மாடிக்குக் குடிவந்தும் அந்தப் பயம் போகவில்லை.

"மாடிக்குத் தண்ணி வரணும்னா திண்டிவனமே முழுவணும். பெட்டிய எடுங்க!"

"வந்துட்டா?"

"நான் தலையில தூக்கிக்கினு நிக்கிறேன். ஜல்தியா புடிங்க."

பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. ஸ்பீக்கர்கள் ரப்பர் கால்களோடு நேராகத் தரையில் நின்றன. குழந்தை மறுபடி தூங்கும்வரை காத்திருந்து, அதே பாட்டை அதே சத்தத்தில் வைத்தேன். தவில் இப்போது இரைச்சல் இல்லாமல், ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்டது. அருளை மேலேயே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

வெண்ணிலா அக்கா தூளிக் கயிற்றைத் தொட்டபடி நின்றிருந்தார். கொக்கி ஆடவில்லை. மேலிருந்து தவில் மெதுவாகக் கேட்டது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

சோதனை முடிந்தது என்று நினைத்து அருள் பாட்டை நிறுத்தினார்.

குழந்தை கண்ணைத் திறந்தது. உதட்டைப் பிதுக்கியது. வீறிட்டது.

அக்கா வாசலுக்கு ஓடிப்போய் மாடியைப் பார்த்துக் கத்தினார்: "அருளு! எதுக்குப்பா நிறுத்தின? போடு!"