அம்மனுக்கு மூன்றரை முழம்

எனக்கும் எங்கள் தெரு அம்மனுக்கும் எந்தப் பகையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆடி வெள்ளிக்குப் பிறகு தெருவில் என்னைப் பற்றிக் கண்டபடி பேசிக்கொள்கிறார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்பு என் மகள் கீர்த்திக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "தாயே, ரெண்டு உசுரையும் குடுத்துடு. என் கையாலயே பட்டுப் புடவை நெய்ஞ்சு உனக்குச் சாத்துறேன்" என்று அழுதேன். கொடுத்தாள். பேத்தி இப்போது அப்பா ஊரான ஏனாத்தூரிலிருந்து வரும்போதெல்லாம் என் தறிமேல் ஏறிக் குதிக்கிறாள், அவ்வளவு ஆரோக்கியம்.

தறியில் ஒரு தடவை ஏற்றுகிற பாவு நூலில் மூன்று புடவை வரும். மூன்றாவது அம்மனுக்கு என்று ஒவ்வொரு பாவிலும் மனதார நினைப்பேன். அது முடிகிற நேரம் பார்த்து, நான் நெய்வதை வாங்குகிற பட்டுக் கடைக்காரர் போன் பண்ணுவார், கல்யாண ஆர்டர், அவசரம் என்பார். மனிதர்கள் அவசரப்படுகிறார்கள், அம்மன் அவசரப்படுவதில்லை. நான் என்ன செய்ய? கேட்காதவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலு வருடம் ஓட்டிவிட்டேன். அதற்காகக் கும்பிடாமல் இல்லை. கோயிலைத் தாண்டும்போது வண்டியில் இருந்தபடியே கன்னத்தில் ஒரு தட்டு தட்டிக்கொள்வேன்.

இந்த ஆடியில் என் மனைவி ஏலவார்குழலிக்குப் பொறுமை போய்விட்டது.

"நேந்துக்கினு ஏமாத்துறீங்களே, வெக்கமா இல்ல? பூசாரிகிட்ட சொல்லிட்டேன். கடைசி வெள்ளிக்கு நம்ம புடவைதான்."

சொல்லிவிட்டாளா! நானும் விடவில்லை, தெரு முழுக்கச் சொன்னேன். அன்றைக்குப் புடவை சாத்துகிறவனுக்குத் தலையில் துணி சுற்றிப் பரிவட்டம் கட்டுவார்கள். போன வருடம் எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம் அதைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை மூன்றாவது புடவையை முடித்துத் தறியிலிருந்து அறுத்தேன். கடைக்காரர் போன் வந்தது. கொடுத்துவிட்டேன்.

பாவின் கடைசியில் மிச்சம் இருந்ததை நெய்தேன், மூன்றரை முழம் தேறியது. அம்மன் மூன்றடிச் சிலைதானே, தாராளமாகப் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே அட்டையும் நாலு நாள் செய்தித்தாளும் வைத்து, ஜரிகைக் கரை மேலே தெரிய மடித்தேன். மடிப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பார்த்தால் முழுப் புடவைதான்.

வெள்ளி சாயங்காலம் திரை போட்டு உள்ளே அலங்காரம் நடந்தது. வெளியே தெருவே கூடியிருந்தது. பரிவட்டத்துக்குத் தோதாகத் தலையை வாரிக்கொண்டு நான் முன்வரிசையில் நின்றேன். நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை முடித்து மறுபடி அதையே ஆரம்பித்தார். மூன்றாவது தடவையும் வாசித்துவிட்டார், திரை திறக்கவில்லை.

"தேவேந்திரா!" உள்ளேயிருந்து பூசாரி துரைக்கண்ணுவின் குரல் வந்தது. "மீதி எங்கப்பா?"

"இன்னா மீதி?"

"ஒரு சுத்துலயே முடிஞ்சிபோச்சு. கொசுவத்துக்கு நான் எங்க போவேன்? உள்ள பேப்பர்தான் இருக்குது. நாலு வருஷமா உன் தறியில அம்மனுக்கு விளைஞ்சது இவ்ளோதானா?"

தெரு சிரித்தது. "ஜாக்கெட் பிட்ட குடுத்துட்டு புடவைய மறந்துட்டாரு போல" என்றான் கலியாணசுந்தரம்.

ஏலவார்குழலி விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், ஒரு புதுப் புடவையோடு திரும்பிவந்து பூசாரியிடம் நீட்டினாள். ஆடித் தள்ளுபடியில் தனக்கென்று வாங்கி இன்னும் பிரிக்காத நூல் புடவை, மஞ்சளில் பச்சைக் கரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறவன் வீட்டு பீரோவில் இருந்த ஒரே புதுப் புடவை அதுதான்.

திரை திறந்தது. நூல் புடவையில் அம்மன் அவ்வளவு அழகாக இருந்தாள். சிரித்த தெரு கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

பிறகு துரைக்கண்ணு என் மூன்றரை முழத்தை எடுத்தார். நீளவாட்டில் மடித்து என் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அம்மனுக்குப் பத்தல. உனக்கு அளவெடுத்த மாதிரி இருக்குதுபா."

இருந்தது. ஒரு விரல்கூட மிச்சமில்லை.

வீடு வரைக்கும் சிரிப்பு கூடவே வந்தது. வாசலில் அதை அவிழ்க்கப் போனேன்.

"கைய வெக்காதீங்க" என்றாள் ஏலவார்குழலி. "அம்மன் புடவைய அறுக்குற வரைக்கும், தறியில உக்காரும்போதெல்லாம் அது தலையிலயே இருக்கட்டும்."

புதுப் பாவு ஏற்றினேன். முதல் புடவை அம்மனுக்கு. இன்று பத்தாவது நாள், கடைசியாக முந்தானை ஓடுகிறது. பட்டுக்குள் தலை வேகிறது. கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை.

"ரெண்டாவது புடவைக்கு ஊடை நூல் இன்னா கலர் போடட்டும்?" என்று ஏலவார்குழலியைக் கேட்டேன்.

"கடைக்காரர கேளுங்க. என்னை இன்னாத்துக்குக் கேக்குறீங்க?"

"கட்டிக்கப் போறவ நீதானே?"

நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள்.

"அப்போ அவுத்துடாதீங்க" என்றாள். "அதையும் அறுக்குற வரைக்கும்."