தோற்கப் போனவள்

போட்டிக்காரர்கள் மத்தியில் அவளுக்கு அரை மணி ராணி என்று பெயர். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற போட்டிகள் இருக்கின்றன அல்லவா, அதில் பிழைப்பு நடத்துகிறவள் அவள். முதலில் நீச்சல். தண்ணீரில் அவளை ஒருத்தியும் தொட முடியாது. ஏரியோ கடலோ, முதல் ஆளாகக் கரையேறுவாள். எல்லாக் கேமராவும் அவள் பக்கம் திரும்பும். அதெல்லாம் அரை மணி நேரக் கூத்துதான். சைக்கிளில் ஏறிய கொஞ்ச தூரத்திலேயே பின்னாலிருந்து "வழி! வழி!" என்று சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போவார்கள். சைக்கிளில் தாண்ட மறந்தவர்கள் ஓட்டத்தில் ஞாபகம் வைத்துத் தாண்டுவார்கள். ஒன்பது வருஷமாக இதே லட்சணம்தான்.

அவள் முதுகில் ஒரு மெத்தைக் கடையின் விளம்பரம் இருந்தது. முன்னால் வருகிற ஆளுக்குத்தானே பணம் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர் முதலில் இழுத்தடித்தார். அவளே விளக்கம் கொடுத்தாள். "ஜெயிக்கிறவ முதுகை யாருங்க பாக்கறா? அவ பாட்டுக்கு முன்னாடி போயிட்டே இருப்பா. என் முதுகை அத்தனை பேரும் பாப்பாங்க. கிட்ட வந்து, நிதானமாப் படிச்சிட்டு, அப்புறம்தான் தாண்டுவாங்க." மனிதர் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது வருஷத்தின் கடைசிப் போட்டி. இதில் எட்டுப் பேருக்குள் வந்தால் தொழில்முறை உரிமம் அடுத்த வருஷமும் அவளிடமே இருக்கும். வராவிட்டால் பறித்துவிடுவார்கள். பாவம், அந்த எட்டாம் இடத்துக்கு என்ன பாடு படுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அட, உள்ளே நடந்த கதையே வேறு. அவளுக்கு அந்த உரிமம் தொலைய வேண்டும். முட்டியும் முதுகும் ஆளுக்கொரு பக்கம் முனகுகின்றன. வீட்டில் ஏழு வயசு மகள், அம்மா ஊரில் இல்லாத நாட்களில் அத்தை வீட்டுச் சோபாவில் தூங்கப் பழகிவிட்டது. போதும், விட்டுவிடலாம். ஆனால் விடுவதற்குத் தைரியம் வேண்டுமே, அதுதான் அவளிடம் இல்லை. "நான் விட்டுட்டேன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "என்ன பண்றது, பிடுங்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். ஆகவே அவள் ஒழுங்காக, முறைப்படி தோற்பதற்காகக் கிளம்பி வந்திருந்தாள்.

ஏற்பாடெல்லாம் பலமாகத்தான் செய்திருந்தாள். ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமை வந்து சேருகிறேன் என்று மேலாளரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. அவளுடைய கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கூடத்தில் அவளுடைய இரண்டு சைக்கிளும் நின்ற இடத்தை அளந்து, அங்கே ஒரு சாப்பாட்டு மேசை போடலாம் என்று முடிவு கட்டியிருந்தார். மகளிடமும் சொல்லியாயிற்று: "இந்தத் தடவை அம்மா தோத்துடுவேன். அப்புறம் எங்கயும் போக மாட்டேன், என்ன?" பிள்ளை கைதட்டிக் குதித்தது. பெற்ற தாய் தோற்கப் போகிறாள் என்று குதித்த குழந்தை உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

போட்டியன்று காலையில் வாடகை அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தைக் காணோம். அப்படி ஒரு மூடுபனி. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் சைக்கிள் நின்றது. வாத்தியார் அதன் மேல் படாமல் பக்கவாட்டில் நடந்து வந்து, ரொட்டியைக் கடித்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையே. காவலுக்கு வர்ற படகுக்காரங்களுக்குத் தண்ணியில உங்க தலையெல்லாம் எப்படித் தெரியும்?"

"வெயில் வந்தா விலகிடும்."

விலகவில்லை. ஏரிக்கரையில் கழுத்தில் வாஸ்லின் தடவி, ரப்பர் உடுப்புக்குள் உடம்பைத் திணித்து, தொப்பியும் கையுமாக அவள் நிற்கும்போது ஒலிபெருக்கி இரண்டு தடவை இருமியது. நீச்சல் ரத்து. சைக்கிளும் ஓட்டமும் மட்டும், அதுவும் தாமதமாக.

கரையில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். துக்க வீட்டில் நுழைகிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. மஞ்சள் உடுப்புப் போட்டிருந்த ஒரு சின்னப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். போன வருஷம்தான் தொழில்முறைக்கு வந்தவள்.

"அக்கா, உங்களுக்குப் போய் இப்படி ஆயிடுச்சேக்கா..."

"விடும்மா, நம்ம கையில என்ன இருக்கு," என்று அரை மணி ராணி குரலைத் தழுதழுக்க வைத்தாள். உள்ளுக்குள் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை; அதையும் இன்று ரத்து செய்துவிட்டார்கள். இனி தோற்றால் அவள் தோற்றதாகக்கூட ஆகாது. பனிதான் தோற்கடித்தது என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தற்காலிகக் கழிப்பறை ஒன்றுக்குள் புகுந்து தாழ் போட்டு, தொப்பியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உள்ளே அழுகிறாள் என்று வெளியே வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பார்த்தால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள்.

"நீச்சல் இல்லையாமே?"

"இல்லையாம்."

"அப்போ... சாயங்கால ரயிலுக்கே சீட்டு போட்டுடவா?"

"போடுங்க, போடுங்க."

நீச்சல் இல்லாததால் ஒவ்வொருத்தியாக, சில வினாடி இடைவெளி விட்டு அனுப்பினார்கள். தரவரிசையில் மேலே இருப்பவள் முதலில். கீழே இருக்கிறவள் கடைசியில். முடிவுக் கோட்டை முந்தித் தொடுகிறவளுக்கே இடம். கடைசி யார் என்று வேறு சொல்ல வேண்டுமா? அவள் கிளம்பும்போது கொடி பிடித்தவர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பழக்க தோஷம், ஓரமாகவே மிதித்தாள். இப்போது கத்துவார்கள், இப்போது தாண்டுவார்கள் என்று காது பின்னாலேயே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். மோட்டார் சைக்கிளில் ஒரு போட்டி அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். அவளைத் தாண்டுவதற்குப் பின்னால் ஆளே இல்லை. சைக்கிளில் ஏறி இவ்வளவு நேரம் ஆகியும் யாரும் தாண்டாதது ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அப்புறம் பனிக்குள்ளிருந்து ஒரு முதுகு வந்தது. யாருடையதோ முதுகு. அதில் ஏதோ ஷாம்பு விளம்பரம். எழுத்து பெரிசாகிக்கொண்டே வந்தது. இதென்ன, எழுத்து ஏன் பெரிசாகிறது என்று யோசித்தாள். தான் கிட்டே போய்க்கொண்டிருக்கிறோம் என்று அந்த மண்டைக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வழி!" என்று கத்த வேண்டும். காதால் கேட்டே பழகிய சொல். வாயால் சொல்லிப் பழக்கமில்லை. முதல் தடவை கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இரண்டாம் தடவை கத்தியதில் அந்த ஷாம்புக்காரி தூக்கிவாரிப் போட்டு ஒதுங்கினாள். தாண்டும்போது பக்கவாட்டில் பார்த்த முகம், "நீயா?" என்று கேட்டது.

நானேதான், என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வழக்கமாகப் பாதி உயிரைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறுகிறவளுக்கு இன்று முழு உயிரும் கைவசம் இருந்தது. வருஷக் கடைசி வேறு. மற்றவர்கள் எல்லாம் எங்கெங்கோ ஜெயித்துக் களைத்துப்போய் வந்திருந்தார்கள். ஜெயித்துக் களைக்கிற தொல்லை இவளுக்கு இல்லை. ஆனால் இப்படியெல்லாம் கணக்குப் பார்க்கிற நிலையில் அவள் எங்கே இருந்தாள்? அடுத்த முதுகு தெரிந்தது. அடுத்த முதுகு. ஏய், என்னடி பண்றே, மெதுவாப் போடி, சாயங்காலம் ரயிலு என்று தன்னைத்தானே திட்டினாள். கால் கேட்கவில்லை. ஒன்பது வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்காத கால், இன்றைக்கா கேட்கப்போகிறது?

சைக்கிளை வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தபோதும் அதே கூத்து. ஏரிக்கரையிலிருந்து பழைய கிடங்குகள் வழியாக ஒரு சுற்று, அதையே இன்னொரு தடவை. முதல் சுற்றில், பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடை வாசலில் வாத்தியார் நின்றிருந்தார். யார் எங்கே இருக்கிறார்கள் என்று போனில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன நடக்குது?" என்றார், ஏதோ வகுப்பில் பிடிபட்ட பையனைக் கேட்கிற மாதிரி.

"தெரியலைங்க!" என்று கத்திவிட்டு ஓடினாள். உண்மையாகவே தெரியவில்லை.

பனி கலைந்து ஈர ரோட்டில் வெயில் பட்டது. முட்டி வலித்தது, ஆனால் அது வேறு யாரோ ஒருத்தியின் முட்டி மாதிரி தூரத்தில் வலித்தது. இன்னும் இரண்டு பேரைத் தாண்டினாள். எத்தனையாவது இடம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்றும் நினைத்தாள். தெரியாமலே ஒன்பதாவதாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் யார் மேலும் குற்றமில்லை. நீச்சல் குளம், சாப்பாட்டு மேசை, பிள்ளை, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். இதை நினைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள். என்ன ஜென்மமோ!

இரண்டாம் சுற்றில் மறுபடியும் டயர் கடை. வாத்தியார் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெறுமனே கைதட்டியிருந்தால் போதும்.

அவள் கடந்து போன பிறகு பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. இருபது வருஷமாக வகுப்பறைக் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டிய குரல்.

"ஒன்பதாவது! எட்டாவது ஆள் அந்த மஞ்சள் பொண்ணு! அவளுக்குக் கால் பிடிச்சிருக்கு, நடக்கிறா! ஓடு! ஓடித் தொலை!"

அவள் ஓடித் தொலைந்தாள்.

கரையோர வளைவில் மஞ்சள் பெண் ஒரு காலை இழுத்துக்கொண்டு, நாலு எட்டு ஓடுவதும் நாலு எட்டு நடப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்ததும் திரும்பிப் பார்த்தாள். "போங்கக்கா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்களாவது போங்க." காலையில் தன்னைக் கட்டிக்கொண்டு கலங்கிய பெண்ணை இப்படித் தாண்டுகிறோமே என்று ஒரு நொடி மனசு குறுகுறுத்தது. ஒரு நொடிதான்.

எட்டாவதாகக் கோட்டைத் தொட்டாள். முதல் மூன்று பேருக்கு மாலை மரியாதையெல்லாம் முடிந்து, அறிவிப்பாளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவசரமாக விழுங்கிவிட்டு அவள் எண்ணை வாசித்தார். யாரோ தோளில் வெள்ளித் தாள் மாதிரி ஒரு போர்வையைப் போட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. ஐயோ, என்ன செய்துவிட்டேன்!

வாத்தியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அஞ்சாவதுன்னு சொல்லியிருந்தா நிம்மதியா நடந்து வந்திருப்பேனே," என்றாள் அவள். "பத்தாவதுன்னு சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். எதுக்கு உள்ளதைச் சொன்னீங்க?"

"பத்தாவதுன்னுதான் சொல்ல நினைச்சேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"அப்புறம்?"

"நீ சிரிச்சுக்கிட்டே ஓடுற. நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீ அப்படிச் சிரிக்கலை. அதைப் பார்த்துட்டு எப்படிடி பொய் சொல்றது?"

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது முந்தியது என்று கேட்டால் சந்தோஷம்தான், அதுதான் வெட்கக்கேடு.

போன் அடித்தது. வாத்தியாருடைய அக்கா வீட்டிலிருந்து. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் அவளிடம் நீட்டினார். நீயே பேசு என்கிற மாதிரி.

"அம்மா!" மகள்தான். மூச்சு வாங்கியது, போனை அத்தையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். "தோத்துட்டியா?"

என்ன ஆசை அந்தக் குரலில்!

"இல்லடி கண்ணு. எட்டாவதா வந்துட்டேன்."

"எட்டுன்னா தோத்ததுதானே?"

"எட்டுன்னா... அடுத்த வருஷமும் போகலாம்."

"போய்த்தான் ஆகணுமா? இல்ல, நீயா போறியா?"

ஆமாம், போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? சட்டம், உரிமம், அம்மா என்ன செய்வாள் என்று ஒரு கதை கட்டினால் முடிந்தது. அவளுக்கோ அப்படிப்பட்ட கதைகள் கைவந்த கலை. வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானாத்தான் போறேன்டி," என்றாள்.

"ஏன்? உனக்கு அது பிடிக்குமா?"

"ம். பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்."

அழுகைச் சத்தம் வரும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வரவில்லை. பிள்ளையின் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"அப்போ தோத்துட்டு வரேன்னு எங்கிட்ட ஏம்மா சொன்ன?"

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா? கேக்குதா?"

"கேக்குதுடி," என்றாள் அவள்.