ஸ்லோ நிற்காத ஜீப்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஜீப் மறுபடியும் செத்தது.

"மலையில ஏறயில இப்படி நின்னா நான் என்ன செய்ய, அத்தான்?" என்றான் சூர்யா. மெக்கானிக் சங்கரனின் மனைவி விசாலத்துக்கு அவன் ஒரே தம்பி. முல்ஷி பக்கம் ஒரு முகாமில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் காட்டுப்பாதையில் மலைக்கு ஏற்றிப்போகிற வேலை அவனுக்கு.

சங்கரன் ஐடில் வால்வைக் கழற்றிக் கரியைத் துடைத்தார். ஒயரோடு கையில் பிடித்துக்கொண்டு, "சாவியப் போடு" என்றார். வால்வு நல்லதாக இருந்தால் உள்ளே இருக்கிற ஊசி நகர்ந்து விரலில் முட்டும். முட்டவில்லை.

"செத்துட்டுது மாப்ளே. காலை எடுத்தாலும் இன்ஜின் அணையாம ஸ்லோவுல நிக்க மூச்சு விடுறது இதுதான். புதுசு போடணும்."

"இன்னைக்கும் வரலன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேங்கான் முகாம் மொதலாளி. ஆளுங்க வந்து காத்துக் கெடக்காங்க."

ஒர்க்‌ஷாப் முதலாளி கேஷவ் டீ கிளாசோடு எட்டிப் பார்த்தார். "அரே சங்கர், ஸ்க்ரூ டைட் கர் தே. சல் ஜாயேகா." ஸ்க்ரூவை முறுக்கிவிடு, ஓடிவிடும் என்கிறார்.

காசர்வாடி மெக்கானிக்குகளிடம் அவசரக்காரர்களுக்கெல்லாம் இதே வைத்தியம்தான். காற்று போகிற மூடியை முழுக்க மூடவிடாமல் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி வைத்துவிடுவார்கள். இன்ஜின் அணையாது. ஆனால் காலை எடுத்தாலும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்.

"ஏறுறதுக்குச் சரி. எறக்கத்துல பிடிச்சுத் தள்ளுமே," என்றார் சங்கரன். "சிஞ்ச்வட் கடைக்குப் போய் வால்வு வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் யாரும் கைய வைக்கப்படாது."

"அத்தானுக்கு வயசாயிட்டுது. எல்லாத்துக்கும் பயம்," என்று சிரித்தான் சூர்யா.

"வாய மூடுல. உங்கக்காகிட்ட நாந்தான பதில் சொல்லணும்."

வால்வோடு திரும்பி வந்தபோது ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. கேஷவ் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் அவர் மேஜைமேல் கிடந்தது. சங்கரன் சூர்யாவுக்குப் போன் போட்டார். மலையில் டவர் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் முகாமிலிருந்துதான் போன் வந்தது. வந்தவர்களை மேலே இறக்கிவிட்டு, சூர்யா தனியாக இறங்கியிருக்கிறான். வளைவில் ஜீப் பாறையில் மோதிவிட்டது.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் விசாலம் அழவில்லை. சங்கரனின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த வால்வின் அட்டைப் பெட்டியையே பார்த்தாள்.

"இத மாட்ட எம்புட்டு நேரம் ஆவும்?"

அவர் பெட்டியைப் பைக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினார்.

போலீஸ் விட்டதும் ஜீப்பைக் கட்டி இழுத்துக் கேஷவிடமே கொண்டுவந்தார்கள். நசுங்கியது ஒரு பக்கம்தான். ஓட்ட வேறு ஆள் வாசலில் காத்து நின்றான். சங்கரன் உள்ளே குனிந்து பார்த்தார். கியர் நியூட்ரலில் இருந்தது. சாவி ஆஃபில் இருந்தது. போலீஸ் போய்ப் பார்த்தபோதே இரண்டும் அப்படித்தான் இருந்தனவாம். வண்டி தள்ளவும் பயந்துபோய் கியரைக் கழற்றி இன்ஜினை அணைத்திருக்கிறான். இன்ஜின் அணைந்தால் பிரேக் மிதிக்க முடியாமல் கல்லாகிவிடும் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு எங்கே ஞாபகம் வரப்போகிறது?

கேஷவ் ஒரு கிளாஸ் சூடான டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

முறுக்கிய ஸ்க்ரூவை முதலில் பழைய இடத்துக்குத் தளர்த்தினார் சங்கரன். சட்டைப் பையிலிருந்து வால்வை எடுத்து மாட்டி, ஒயரைச் சொருகி, சாவியைத் திருப்பினார். காலை எடுத்தார். இன்ஜின் அணையவும் இல்லை, தள்ளவும் இல்லை. தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி ஒரே சீராக ஓடியது.

"ஏக்தம் பர்ஃபெக்ட்!" என்றான் வாசலில் நின்றவன்.

சங்கரன் டீ கிளாசைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஆறவில்லை.