ஹினாட்சு வீட்டில் ஈ இல்லை

கியோட்டோ நகரத்து வீட்டுத் தோட்டங்களில் என்னென்ன சின்ன ஈக்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து இனம் பிரிப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் பேராசிரியர் சுகாயாவும், அவருக்கு உதவியாளராக வந்து மாட்டிக்கொண்ட நானும். அவர் கியோட்டோவிலேயே பிறந்து வளர்ந்தவர்; மனதில் உள்ளதை நேராகச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைக்கும் ஊர் அது. நான் எதையும் பட்டென்று சொல்லிவிடும் ஒசாகாக்காரி.

போன கோடையில் ஹினாட்சு அம்மாள் வீட்டுத் தோட்டத்தில், உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காத ஒரு பழ ஈ சுகாயா வைத்த பொறியில் விழுந்தது. ஒரே ஒரு ஆண். அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்துவிட்டு மனுஷன் தும்மினார். ஈ போன இடம் தெரியவில்லை. இந்த ஆண்டோடு அவருக்கு ஓய்வு. வாழ்நாளெல்லாம் ஈ பிடித்தவர் தன் பங்குக்கு ஒரு இனத்துக்காவது பெயர் வைக்க வேண்டுமென்றால், இன்னொரு ஆண் ஈ கிடைத்தே ஆக வேண்டும்.

ஆனால் மகானுபாவர் சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போகமாட்டார். முன்கூட்டியே போன் போட்டு, போனுக்கே குனிந்து வணங்கி, ஈ பார்க்க வருவதாகச் சொல்வார். விருந்தாளி வரும் நாளில் ஈ இருந்தால் மானம் போய்விடுமே என்று அந்தம்மாள் சருகு கூட்டி, உதிர்ந்த பழம் பொறுக்கி, மருந்தும் அடித்துவிட்டுக் காத்திருப்பாள். நாங்கள் காலிப் பொறிகளைப் பார்த்துவிட்டு, தோட்டத்தின் அழகைப் புகழ்ந்துவிட்டுத் திரும்புவோம்.

"சார், ஒரு தடவ சொல்லாம போவோமே?"

"நாம என்ன திருடனா, நுனோகவா?"

"திருடன் சொல்லிட்டு வந்தா, அவனுக்கும் இந்தம்மா கூட்டிப் பெருக்கி வெப்பாங்க."

அவர் மறுபடி போனை எடுத்தார்.

கணக்கெடுக்க எங்களுக்கு அனுமதி இருந்த கடைசி நாள். தோட்டம் வழக்கம்போல் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. அம்மாள் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தாள். போன முறை இவர் கொண்டுபோன விலை உயர்ந்த முலாம்பழம் முன்னோர் மாடத்தில் படைத்தபடியே இருந்தது. கனிந்து நீர் விட்டிருந்தது. அதன்மேல் ஒரு ஈ.

"எங்க வீட்ல ஈயே கெடையாது பாருங்க. உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்" என்றாள்.

"பாத்தாலே தெரியுதுங்களே, எவ்வளவு சுத்தமான வீடு!" என்றார் சுகாயா, ஓரக்கண்ணால் பழத்தைப் பார்த்தபடியே.

ஈ பிடிக்கும் குப்பியை எடுக்க நான் பைக்குள் கையை விட்டேன். அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விடைபெறும் வரை விடவில்லை.

தெருவுக்கு வந்ததும் வெடித்தேன். "சார், அது ஒருவேளை..."

"ஒருவேளை என்ன, அதேதான். ஆண். றெக்கையில கறுப்புப் பொட்டு."

"அப்ப ஏன் விட்டீங்க?"

"முன்னோருக்குப் படைச்ச பழத்துல ஈ உக்காந்திருக்குன்னு அந்தம்மா மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரை அறையவும் தோன்றியது, அழவும் தோன்றியது.

சாயங்காலம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. ஹினாட்சு அம்மாள்.

"உங்க சார் பழத்தைப் பாக்கவே இல்லியாம்மா? ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோட போறாரேன்னு, அவருக்காகத்தான் எடுக்காம வெச்சிருந்தேன். எங்க வீட்ல ஈ இருக்கு, புடிச்சுக்குங்கன்னு வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஈயே கெடையாதுன்னு சொல்லிப் பழத்தைப் பாத்தேன். அவர் கண்டுக்கவே இல்ல. வேண்டாத ஈ போலன்னு, நீங்க போனதும் அடிச்சுக் கழுவி விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னேன். அவர் கவலையோடு என் பக்கம் திரும்பினார்.

"அவங்களுக்கு நன்றி சொன்னியா?"